முப்பத்திரண்டு, ஃபுல்

சுடுகாடு கிடையாது. பாழடைந்த பங்களா கிடையாது. நடுநிசியில் நாய் ஊளையிடுவதும் கிடையாது. அதெல்லாம் இருந்தால்தான் பயப்படுவேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. பிற்பகல் மூன்றே காலுக்கும் மூன்று இருபத்தேழுக்கும் நடுவில், ஒரு பள்ளிக்கூடத்தில். வெளியே மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் நின்றிருந்தார்கள். ஒரு தீயணைப்பு வண்டியும் நின்றிருந்தது.

லிபியா டீச்சர் பொய்யே சொல்லாதவள் என்று சத்தியம் செய்தால் நீங்கள் சுலபமாக நம்பிவிடுவீர்கள். அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறாள். இந்தக் கதையே அந்தப் பொய்யால் வந்ததுதான். ஆனால் அதற்குப் பிறகு அவள் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம்.

முதலில் அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் லிபியா, ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. பள்ளியின் பெயர் வேண்டாம். இன்று அது இல்லை. ஒற்றை மாடிக் கட்டடம், ஒரே ஒரு மாடிப்படி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெயின்ட் குடோன். காற்று திரும்பினால் தின்னர் நெடி வகுப்புக்குள் வரும். பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிருந்தது. பெற்றோருக்கும் பழகிப்போயிருந்தது. பாதிப் பேர் அந்த மாதிரிக் கம்பெனிகளில்தான் வேலை செய்தார்கள்.

பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பும் லிபியாவிடம்தான். கையெழுத்து அழகாக இருக்கும், பதிவேடு சுத்தமாக எழுதுவாள் என்பதால் தலையில் கட்டிவிட்டார்கள். மாதம் ஒரு தீ விபத்து ஒத்திகை. நீளமாக மணி அடித்தால் பிள்ளைகள் பையைத் தலைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். பை இல்லாதவர்கள் இரண்டு கையையும் தலைமேல் கோத்துக்கொள்ள வேண்டும். வரிசையாக இறங்கி மைதானத்தில் நிற்க வேண்டும். வகுப்பு ஆசிரியை தலைகளை எண்ணி, எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி, எல்லாரும் இருந்தால் ‘ஃபுல்’ என்று முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

அவள் வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அதில் ஒருத்தி மணிமேகலை. எல்லாருக்கும் மணி. இடது காலில் கேலிப்பர் போட்டிருப்பாள், இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். நடந்தால் இரண்டு சத்தம் வரும். முதலில் பூட்ஸ் தரையில் படுகிற சத்தம். அடுத்து பட்டை குலுங்குகிற சத்தம்.

டக்... கிளிங். டக்... கிளிங்.

முதல் ஒத்திகையில் கட்டடம் காலியாக ஐந்து நிமிடம் இருபது நொடி ஆனது. மெதுவாக இறங்கிய மணிக்குப் பின்னால் படிக்கட்டு முழுக்கப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தாளாளருக்கு மூன்று நிமிடத்துக்குள் கட்டடம் காலியாகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும், பள்ளியின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு. லிபியா யோசித்தாள். யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது.

“மணி, நீ இங்கயே ஒக்காந்திரு. நான் வந்து கூட்டினு போறேன்.”

“சரி மிஸ்.”

அதன்பிறகு ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் அப்படித்தான். மணி அடிக்கும். முப்பத்தொரு பேர் இறங்குவார்கள். மணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கீழே லிபியா முப்பத்தொன்று எண்ணுவாள். மேலே இருக்கிற ஒன்றை மனதில் கூட்டிக்கொள்வாள். ‘முப்பத்திரண்டு, ஃபுல்’ என்று குரல் கொடுப்பாள். இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. தாளாளர் கைதட்டினார். ஒத்திகை முடிந்ததும் பிள்ளைகளே மேலே ஓடிவிடுவார்கள். அதனால் மணியைக் கூட்டிவர லிபியா ஒரு முறைகூடப் படி ஏறியதில்லை.

அக்டோபர் மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பதுக்கு, குடோனில் தீப்பிடித்தது. இது ஒத்திகை இல்லை. புகை கறுப்பாக, மதிலைத் தாண்டி, முதலில் மாடிக்குத்தான் வந்தது. மணி அடித்தார்கள். பிள்ளைகள் அழாமல், தள்ளாமல், சொல்லிக்கொடுத்த மாதிரியே இறங்கினார்கள். லிபியா எண்ணினாள். முப்பத்தொன்று.

வாய் பழகியதைச் சொன்னது.

“முப்பத்திரண்டு, ஃபுல்.”

வண்டியிலிருந்து குதித்த தீயணைப்பு அதிகாரி நேராக அவளிடம்தான் வந்தார். “மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?”

“இல்ல சார்.”

பதினோரு நிமிடம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் படிக்கட்டில் ஏற முடியாத அளவுக்குப் புகை. ஏறப் போனவளை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். மணியைப் போர்வையில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். யாரையும் பார்க்க விடவில்லை.

அன்று சாயங்காலம் அலுவலக அறையில் தாளாளர் மெதுவாகக் கேட்டார். “என்ன நடந்திருக்கும்னு நல்லா யோசிச்சு சொல்லுங்க மிஸ்.” அறையில் போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். மணியின் அம்மா சம்பங்கி சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். லிபியா யோசித்தாள். மறுபடியும் ஒரு வழி கிடைத்தது.

“கீழ வந்துட்டா சார். நான் எண்ணினேன். அப்புறம் பையை எடுக்கத் திரும்பி மேல போயிருப்பா.”

அப்படியே எழுதிக்கொண்டார்கள். பேச்சைக் கேட்காமல் பைக்காகத் திரும்பிப்போன பிள்ளை என்று ஊரே பேசியது. மற்ற பிள்ளைகளுக்கு உண்மை தெரியும். பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அன்று அந்த அறையில் சம்பங்கி மட்டும் தலையைத் தூக்கி லிபியாவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை மூன்று வருடம் லிபியாவை விடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்டதால் செத்துப்போன பிள்ளையை, பேச்சுக் கேட்காத பிள்ளை ஆக்கிவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். சம்பங்கியிடம் போய் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறாள். கணவன் வெஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது இந்த வருடத்துக்கு வருவோம்.

லிபியாவுக்கு ராயக்கோட்டை ரோட்டில், சானமாவு காட்டைத் தாண்டி ஒரு மிஷன் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கே பேரிடர் என்றாலே முதலில் யானைதான். மூன்று முறை குட்டையாக மணி அடித்தால் யானை, யாரும் வெளியே வரக்கூடாது. நீளமாக அடித்தால் தீ, எல்லாரும் வெளியே வர வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளைகள். பழைய அனுபவம் உண்டே என்று பாதுகாப்புப் பொறுப்பு மறுபடியும் அவள் தலையிலேயே விழுந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

இந்த முறை அவள் வேறு மாதிரி. யாரையும் உட்கார வைப்பதில்லை. கடைசிப் பிள்ளை படி இறங்கிய பிறகு வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். ஐந்தாம் வகுப்பு அங்கேயும் மாடியில்தான். இருபத்தெட்டுப் பேர். எத்தனை நிமிடம் ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜூன் மாத ஒத்திகை. பிற்பகல் மூன்றே காலுக்கு மணி. பிள்ளைகள் இறங்கி நின்றார்கள். எண்ணினாள்.

இருபத்தேழு.

மறுபடி எண்ணினாள். இருபத்தேழு. வியர்த்துவிட்டது. பக்கத்தில் நின்ற பி.டி. மாஸ்டர் ஜான்பீட்டர் விசிலால் சுட்டிச் சுட்டி எண்ணினார்.

“இருபத்தெட்டு மிஸ். கரெக்டா இருக்கு.”

பெயர் கூப்பிட்டுப் பார்த்தாள். இருபத்தெட்டுப் பேரும் கை தூக்கினார்கள். தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். பதிவேட்டில் இருபத்தெட்டு, ஃபுல் என்று எழுதினாள்.

அன்று சாயங்காலம் ஆயா வெங்கடம்மா விளக்குமாற்றோடு வந்து நின்றாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிறவள். “மிஸ், மேல பெயின்ட் ஏதும் அடிச்சாங்களா?”

“இல்லியே. ஏன்?”

“அஞ்சாங்கிளாஸ்ல ஒரே நாத்தம். கண்ணு எரியுது.”

லிபியா போய்ப் பார்த்தாள். ஒரு நாற்றமும் இல்லை. வெங்கடம்மாவுக்கு மூக்கில் ஏதோ என்று விட்டுவிட்டாள்.

ஜூலை மாத ஒத்திகை. எண்ணினாள். இருபத்தேழு. ஜான்பீட்டர் எண்ணினார். இருபத்தெட்டு. இந்தத் தடவை அவர் சிரித்தார். “கண்ணாடி மாத்துங்க மிஸ்.” அவளும் சிரித்து வைத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேலே, காலியான வகுப்பில், ஒரு பெஞ்சு நகர்கிற சத்தம்.

க்ரீச்...

“கேட்டுச்சா சார்?”

“என்னது?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் வெங்கடம்மா கத்தினாள். “கடைசி பெஞ்ச யாரு தினமும் இழுத்து வெக்கிறது? நானும் தள்ளித் தள்ளி வெக்கிறேன்.” பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. இருபத்தெட்டுப் பேருக்கு ஏழு பெஞ்சு போதும். அது எட்டாவது.

அதற்கப்புறம் லிபியா அந்தப் பெஞ்சைப் பார்க்காமல்தான் பாடம் நடத்தினாள். கரும்பலகையில் எழுதும்போது முதுகில் யாரோ பார்ப்பது போலிருக்கும். கெட்ட பார்வை இல்லை. பொறுமையான பார்வை. அதுதான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் வந்தது. செவ்வாய்க்கிழமை. மேகம் கவிந்து, மூன்று மணிக்கே டியூப் லைட் போட்டிருந்தார்கள். இந்த முறை தீயணைப்பு நிலையத்திலிருந்தே ஆட்கள் வந்திருந்தார்கள், ஒத்திகையைப் பார்க்க. சிவப்பு வண்டி மைதானத்தில் வந்து நின்றதுமே லிபியா ஜன்னலை விட்டு விலகி நின்றாள்.

3.15. நீள மணி.

பிள்ளைகள் பையைத் தலையில் வைத்தார்கள். இறங்கினார்கள். கடைசிப் பிள்ளை போனதும் லிபியா வகுப்பைத் திரும்பிப் பார்த்தாள். காலி. எட்டாவது பெஞ்சும் காலி. நன்றாகப் பார்த்தேன், சத்தியமாகக் காலி என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். இறங்கினாள்.

3.18. எண்ணினாள். இருபத்தேழு.

ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். இருபத்தேழு.

ஜான்பீட்டர் எண்ணினார். “இருபத்தெட்டு சார், ஃபுல்,” என்று அவரே அதிகாரியிடம் சொல்லிவிட்டார்.

அதிகாரி சின்ன வயசுக்காரர். அவரை லிபியா முன்பின் பார்த்ததில்லை. அவர் ஜான்பீட்டரைத் தாண்டி நேராக அவளிடம் வந்தார். வரவேண்டிய அவசியமே இல்லை. வந்து கேட்டார்.

“மேல யாராச்சும் இருக்காங்களாம்மா?”

அதே வார்த்தை. அதே ‘அம்மா’.

மைதானம் அமைதியாக இருந்தது. மேலேயிருந்து, ஒரே ஒரு தடவை...

க்ரீச்.

ஜான்பீட்டர் திரும்பவில்லை. பிள்ளைகள் திரும்பவில்லை. அவளுக்கு மட்டும் கேட்டது. இல்லை என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு முறை சொல்லிப் பார்த்தவள் அவள்.

“இருக்காங்க சார்,” என்றாள்.

சொல்லிவிட்டு அவளே நடந்தாள். ஒத்திகைதானே என்று அதிகாரி அங்கேயே நின்றுவிட்டார். பின்னால் ஜான்பீட்டர் “மிஸ், மிஸ்” என்று கூப்பிட்டார். திரும்பவில்லை.

3.20. மாடிப்படி. மொத்தம் இருபத்திரண்டு படிகள். ஏறினாள். பத்தாவது படியில் மூக்கில் ஏறியது.

தின்னர்.

பதினைந்தாவது படியில் கண் எரிந்தது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். புகை இல்லை. நெடி மட்டும்.

வராந்தா. இடது பக்கம் நாலாம் வகுப்பு. காலி. அடுத்தது ஐந்தாம் வகுப்பு. கதவு பாதி சாத்தியிருந்தது. அவள் திறந்து வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

தள்ளினாள்.

எட்டாவது பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

முதுகு தெரிந்தது. பின்னல் தெரிந்தது. பழைய பள்ளியின் பச்சைக் கட்டம் போட்ட சீருடை. குனிந்து, இரண்டு கையையும் தலைமேல் கோத்து...

பை இல்லை.

டியூப் லைட் ஒரு தடவை சிமிட்டியது. உருவம் போகவில்லை.

“மணி,” என்றாள். மறுபடி, “மணி...”

அது திரும்பவில்லை.

“முடிஞ்சிருச்சா மிஸ்?”

சின்னக் குரல். கோபம் இல்லை. சும்மா கேட்கிற மாதிரி.

லிபியா அழுதாள். ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் ஓடினால் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை வருடம் இப்படியே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் அவளை நிறுத்தியது.

“முடிஞ்சிருச்சு. வா... கூட்டினு போறேன்.”

கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

கைக்குள் ஒரு கை வந்தது.

சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி. விடவில்லை.

நடந்தாள்.

டக்... கிளிங்.

பக்கத்தில் பார்க்கவில்லை.

டக்... கிளிங்.

படி. ஒன்று. இரண்டு. நின்றாள். காத்திருந்தாள். மூன்று. அவசரப்படுத்தவில்லை.

டக்... கிளிங்.

பதினாறு. பதினேழு.

மூச்சு விடுகிற சத்தம்... இருமல்...

இருபது.

இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

கை காலியானது.

3.27. மைதானத்தில் மேகம் கவிந்த அந்த வெளிச்சத்துக்கே கண் கூசியது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் வரிசைக்குப் போனாள். எண்ணினாள். இருபத்தெட்டு. மறுபடி எண்ணினாள். இருபத்தெட்டு. மூன்று மாதத்தில் முதல் தடவையாக.

“மேல யாரு மிஸ்?” என்றார் ஜான்பீட்டர்.

“இப்ப யாருமில்ல.”

அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அப்போதுதான் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். கரி. நாலு சின்ன விரல், ஒரு கட்டை விரல்.

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. புதன், வியாழன் போயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே தட்டைத் தள்ளிவைத்து, வெஸ்லினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் தன் தட்டையும் தள்ளிவைத்தான். பிறகு, “அந்தம்மாகிட்ட சொன்னியா?” என்றான். இல்லை என்றாள். “முதல்ல அங்க போ,” என்றான். அப்போதுதான், அந்த நிமிடத்தில்தான், நாளைக்கே போவது என்று அவள் முடிவு செய்தாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை. பாகலூர் ரோட்டில் ரோஜாத் தோட்டங்களுக்குப் பின்னால் வரிசையாக ஷீட் வீடுகள். சம்பங்கி அங்கே ஒரு பசுமைக்குடிலில் ரோஜா கட்டுகிற வேலை செய்கிறாள். வேலை நாளில் பகலில் வீட்டில் இருக்கமாட்டாள், சாயங்காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் லிபியா போனாள். கதவு திறந்திருந்தது. சம்பங்கி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை சீவி, பூ வைத்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி.

“வாங்க மிஸ்,” என்றாள். ஆச்சரியமே இல்லை.

லிபியா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம். நின்றபடியே சொன்னாள்.

“மணி பைய எடுக்கப் போகலக்கா. அவ கீழ வரவே இல்ல. நான்தான் அவள ஒக்காரச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒக்காரச் சொன்னேன். அன்னைக்கு எண்ணும்போது ஒண்ணு கொறைஞ்சிச்சு. பழக்கத்துல ஃபுல்லுனு சொல்லிட்டேன். மேல யாருமில்லன்னு சொன்னதும் நான்தான். அவ பேச்சக் கேட்டா. கேட்டதாலதான்... அவ மேல தப்பு இல்லக்கா. எல்லாம் எம்மேலதான்.”

சம்பங்கி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போனாள். ஆணியில் மாட்டியிருந்த ஒரு பையை எடுத்துவந்து லிபியாவின் கையில் கொடுத்தாள். ஊதா நிறப் பள்ளிப் பை. மணியின் பெயர் மார்க்கரில் எழுதியிருந்தது. கரி இல்லை. புகைவாடை இல்லை.

“இது அன்னைக்கு ஊட்லதான் இருந்திச்சு மிஸ்,” என்றாள். “ஜிப்பு அறுந்துபோச்சு. தெச்சுத் தர்றேன்னு வாங்கி வெச்சுக்கினு, புஸ்தகத்தக் கையில குடுத்து அனுப்பிட்டேன்.”

தலைமேல் கோத்திருந்த இரண்டு கைகள் லிபியாவின் கண்முன் வந்தன.

“அப்ப... உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“நீங்க பைன்னு சொன்னப்பவே தெரியும். ஒக்காரச் சொன்னதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஊட்டுக்கு வந்து சொல்லுவா. என்னைக் கூட்டினு போக மட்டும் மிஸ்ஸே வருவாங்கம்மான்னு. அதுல அவளுக்கு அவ்வளவு பெருமை.”

“ஏங்க்கா யார்கிட்டயும் சொல்லல?”

“நான் சொன்னா யாரு கேப்பாங்க? நீங்க சொன்னாதான் எழுதுவாங்க.” பையின் வாரை ஒரு தடவை நீவிவிட்டாள். “எப்பயாவது வருவீங்கன்னுதான் இருந்தேன். சனிக்கெழமதான் வருவீங்கன்னு சொன்னா. அதான் இன்னைக்கு வேலைக்குப் போகல.”

“யாரு சொன்னா?”

சம்பங்கி அவளைப் பார்த்தாள். அன்றைக்கு அலுவலக அறையில் பார்த்த அதே பார்வை.

“மணிதான்.”

“எப்ப?”

“செவ்வாக்கெழம. ஒடம்பு சரியில்லன்னு ஊட்ல படுத்திருந்தேன். வாசல்ல அவ பூட்ஸ் சத்தம் கேட்டிச்சு. கம்பெனியில மூணரை சங்கு ஊதறதுக்கு இன்னும் ரெண்டு மூணு நிமிசம் இருந்திச்சு. மிஸ் வந்து கூட்டினு வந்துட்டாங்கம்மான்னா.”

செவ்வாய்க்கிழமை. மூன்று இருபத்தேழு. சனிக்கிழமை வருவது என்று லிபியாவே முடிவு செய்தது வெள்ளிக்கிழமை ராத்திரி.

லிபியா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “வேற... வேற என்ன சொன்னா?”

சம்பங்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, வாசலைப் பார்த்தாற்போலப் போட்டாள்.

“மிஸ் வந்தா இங்கயே ஒக்காந்திருக்கச் சொல்லும்மான்னா. நான் வந்து கூட்டினு போறேன்னா.”

லிபியா உட்கார்ந்தாள்.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை அவள் கல்வி அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தன் கையெழுத்திலேயே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். விசாரணை நடக்கிறது. வேலை இருக்குமா, ஜெயிலா, ஒன்றும் தெரியாது. அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் பாகலூர் ரோடு பஸ்ஸில் ஏறிவிடுகிறாள். சம்பங்கி அந்த நாற்காலியைத் துடைத்துப் போடுகிறாள். இரண்டு பேரும் பேசுவதில்லை. வாசலைப் பார்த்தபடி சங்கு ஊதும்வரை உட்கார்ந்துவிட்டு லிபியா திரும்பி வருகிறாள். வராமல் இருக்கலாமே என்று கேட்டால், சொன்ன பேச்சைக் கேட்க வேண்டாமா என்கிறாள்.

போன சனிக்கிழமை, சங்கு ஊத மூன்று நிமிடம் இருக்கும்போது, தெருமுனையில் சத்தம் கேட்டதாம். இரண்டு பேருக்குமே கேட்டதாம்.

டக்... கிளிங்.

பாதி வழியில் நின்றுவிட்டதாம்.